ஸ்டேஷன் காரியம்

என் அம்மா தேவகனி மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதில் அதிசயமில்லை. வீட்டுக்கு வந்து, சட்டியில் போடும் முன் இன்னொரு முறையும் தூக்கிப் பார்ப்பாள். சபைக்குப் புதிதாக வந்த போதகர் நன்றாகப் பிரசங்கம் செய்தால், "இவ்வளவு நல்லா பேசுதாருன்னா முன்ன இருந்த சபையில என்னமோ நடந்திருக்கு" என்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் சிரித்தால் எடையில் சந்தேகம் வந்துவிடும்.

இதற்கெல்லாம் காரணம் அப்பா ஜான்ரோஸ். மாப்பிள்ளை குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஒரு மாத லீவில் வந்திருக்கிறார் என்று சொல்லித்தான் அம்மாவைக் கட்டிவைத்தார்கள். அந்த லீவு இன்னும் முடியவில்லை. கம்பெனி மூடி ஒரேயடியாகத் திரும்பி வந்தவர் என்பது அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா நல்ல மனுஷன்தான். ரப்பர் ஷீட் கடையில் வேலை பார்த்து எங்களை வளர்த்தார். ஆனாலும் யாருமே விசாரிக்கவில்லையே என்ற ஆத்திரம் அம்மாவுக்குள் அடங்கவே இல்லை. அதனால் தெருவில் யாருக்கு வரன் வந்தாலும் விசாரித்துவர அவளே கிளம்பிவிடுவாள். அவள் போய்வந்தால் பாதிக் கல்யாணம் நின்றுபோகும்.

அப்படிப்பட்டவளுக்கு மகளாகப் பிறந்த எனக்கும் தரகர் மூலம் ஒரு வரன் வந்தது. மணவாளக்குறிச்சி பிரபின், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது, "உங்களுக்கு எதைக் கண்டா பயம்?" என்று கேட்டார். "எங்க அம்மையைக் கண்டாத்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை.

மறுவாரமே, கயிறு வாங்கப் போவதாகச் சொல்லி அம்மா மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். பிரபின் வீட்டு முக்கில் சூசை என்பவரின் டீக்கடை. அங்கே நடந்ததைப் பிற்பாடு சூசையே எனக்குச் சொன்னார்.

"பயலு கொள்ளாம், நல்லவன்தான்," என்றிருக்கிறார் சூசை. "குடி கெடையாது, பீடி வலி கெடையாது. ஸ்டேஷன் காரியத்தில மட்டும் கொஞ்சம் கிறுக்கு."

எங்கள் ஊரில் ஸ்டேஷன் என்றால் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அங்கே ரயில் நிற்காது. அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன காரியம்?"

"ஸ்டேஷன் வருதுன்னு போன்ல தகவல் வந்தாப் போதும், ஓடிப்போயி மாடியில ஏறிருவான். அது போன பொறவுதான் எறங்குவான்."

"உள்ள போயிருக்கானா?"

"அவன் எங்க போக? ஆசை உண்டு. உள்ள போனா ஆறு மாசம் கழிச்சுத்தான் வெளிய வருவாவளாம். நம்ம ஆளு ஒருத்தனும் போயிட்டு வந்தானே. டிவியில காட்டினாவளே, பாக்கேல்லியா?"

அம்மா கயிறும் வாங்கவில்லை. வீட்டுப் படியில் நின்றபடியே தரகருக்கு போன் போட்டு, சரிப்படாது என்று முடித்துவிட்டாள். "ஏட்டி, அவன் போலீஸ் கேசில மாட்டினவன். உள்ள போக ஆசை வேற உண்டாம்."

நான் அழுதேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு பிரபினுக்கே போன் செய்து, "உங்க மேல என்ன கேஸ்?" என்று கேட்டேன். டீக்கடையில் அம்மா கேட்டுவந்த ஸ்டேஷன் கதையைச் சொன்னேன். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அது விண்வெளி நிலையம், ரெனிஷா. பூமியைச் சுத்திட்டு கெடக்கு, உள்ள ஆளுவ குடியிருக்காவ. ஸ்கூல் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் மாடியில ஏறுவேன். நாளைக்கு சாயங்காலம் ஏழு பத்துக்கு அம்மையைக் குளச்சல் பக்கமாப் பாக்கச் சொல்லுங்க."

"ஏரோப்ளேனைக் காட்டி ஏமாத்தப் பாக்கான்" என்றாள் அம்மா. ஆனாலும் மறுநாள் எங்களுக்கு முன்னால் மாடியில் ஏறி நின்றது அவள்தான்.

"உள்ள இருக்கவனுக்குத் தண்ணி ஆரு கொண்டு குடுக்கா?"

மூத்திரத்தையும் வியர்வையையும்கூடச் சுத்தம் செய்து குடிப்பார்கள் என்று நான் கேட்டறிந்ததைச் சொன்னேன்.

"அதைக் குடிக்கவா இவ்வளவு படிச்சானுவ? வீட்டுக்காரிட்ட என்ன சொல்லிட்டுப் போவானுவ?"

"லீவு கெடைக்கும்போ வாறேன்னு சொல்லுவாவ" என்றார் அப்பா. அம்மா அவரை முறைத்தாள்.

அப்போது தென்னைகளுக்கு மேலே ஒரு வெளிச்சப் பொட்டாக அது வந்தது. சத்தமில்லை, சிமிட்டலில்லை. ஒரே சீராக எங்கள் தலைக்கு மேலே ஏறி, வடகிழக்கே போய் மங்கி மறைந்தது.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டுல்லா" என்றார் அப்பா மெல்ல.

"அது வந்துட்டு. அதுக்கும் அவனுக்க யோக்கியதைக்கும் என்ன சம்மந்தம்?" அம்மா அது மறைந்த பக்கத்தைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள். "தரகருக்கு போன் போடுட்டீ. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லு. எத்தனை மணிக்குன்னு நாம சொல்லாண்டாம். அவனே சொல்லட்டும்."

நாலு மணி என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தேடினால் அம்மாவைக் காணவில்லை. மாடியில் இருந்தாள். நெற்றியில் கை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு அடிக்கும் முன்பே பிரபினின் ஸ்கூட்டர் முக்கில் திரும்பியது.

"நாலு மணின்னவன் முன்னாடியே வாறான். என்ன அவசரமோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, போதும். இன்னும் எவ்வளவுதான் சந்தேகப்படுவிய?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு எனக்காக ஒருத்தரும் இப்பிடி ஏறி நிக்கேல்ல, மக்கா."

பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு வேகமாக இறங்கினாள். கேட்டைத் திறந்துவிட்டது அவள்தான்.