எண்ணிக்கையில் ஒன்று குறைவு

மெல்போர்ன் மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் என் குடும்பத்தைப் பென்சிலால் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அண்ணன்மார் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து என்றேன். என் பெற்றோருக்குக் கீழே ஐந்து சதுரம் போட்டார். நான்கு பேர் பெரியப்பா பிள்ளைகள் என்று விளக்கியதும், "அப்படியானால் அவர்கள் உங்கள் அண்ணன்கள் இல்லையே" என்று அழித்துவிட்டு ரப்பர் துகள்களை ஊதித் தள்ளினார். எனக்கு என்னவோ போலிருந்தது. மிஞ்சியது ஒரு சதுரம்: திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் என் உடன்பிறந்த அண்ணன்.

என் மகள் நித்யாவுக்கு இரண்டு முறை கரு கலைந்ததால்தான் அங்கே போனோம். அவள் ரத்தத்தில் நாற்பத்தாறு குரோமோசோம்களுக்குப் பதில் நாற்பத்தைந்து. எனக்கும் நாற்பத்தைந்து. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. எங்கள் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் போகும்போது பங்கு பிசகலாம். அப்படிப் பிசகினால் பெரும்பாலும் கரு தங்காது. சில சமயம் இருபத்தொன்றாவது குரோமோசோம் கூடுதலாகி, டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும். அண்ணன் மகன் பாலாவுக்கு இருப்பது அதுதான். பிரசவத்தில் மூச்சுத் திணறி அப்படி ஆகிவிட்டான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

நித்யாவுக்கு முன் எனக்கும் மூன்று கலைந்தன. அன்றைய டைரிகள் என்னிடம் இருக்கின்றன. முதலாவதற்குக் காரணம், சிறுமலைக்குப் பேருந்தில் போனது. இரண்டாவதற்குப் பப்பாளி. மூன்றாவதற்குத் தண்ணீர்க் குடம். மாமியார் சொன்னதைத் தேதியோடு என் கையெழுத்தில் எழுதி, கீழே "என் தவறு" என்று கோடிட்டிருக்கிறேன். மூன்று முறையும் அண்ணன் பன்னீர் திராட்சையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "விடு தாயி, அடுத்தது தங்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"அது அப்பவே தெரியும். பாலா பொறந்தப்பவே ரத்தத்த மெட்ராஸுக்கு அனுப்பிப் பாத்தோம். எனக்கும் நாப்பத்தஞ்சுதான். கூடப்பொறந்தவகளையும் பாக்கச் சொல்லி எழுதியிருந்துச்சு."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"ஒனக்கு மாப்ள பேசிக்கிட்டிருந்த நேரம் தாயி. சொன்னா எவன் கட்டுவான்?"

"கட்டுனதுக்கப்புறம்? மூணு போச்சேண்ணே."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப நம்ம வசந்திக்குப் பேசி முடிச்சிருக்கு. நீ அங்கருந்து எதையும் கெளப்பி விட்றாத. வருசத்துக்கு ஒருக்க ஃப்ளைட்ல வந்துட்டுப் போறவளுக்கு என்ன? நாங்கதான இங்க குப்ப கொட்டணும்?" என்றார்.

வசந்தி அவர் மகள். நான் வாங்கிய வார்த்தைகளை அவளும் வாங்கக் கூடாது. என் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் விளக்கி அவளுக்கே அனுப்பினேன். அன்றிலிருந்து அண்ணன் என் அழைப்பை எடுப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து வசந்தியின் குரல் வந்தது. "அத்தே, எனக்கும் நாப்பத்தஞ்சுதான். அவருகிட்ட நானே சொல்லிட்டேன். 'வேற குண்டு ஏதும் இருந்தா மொத்தமா போட்டுரு'ன்னு சிரிக்கிறாரு. கல்யாணம் நிக்கல அத்தே." அவளுக்காக மகிழ்ந்தேன். ஆனால் அண்ணன் முப்பத்திரண்டு வருடம் காப்பாற்றி வைத்த காரணம் அந்த ஒரு வரியில் விழுந்துபோனது.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. முகூர்த்த நேரம் இங்கே நண்பகல். வசந்தி அனுப்பிய நேரலையை நான் வேலை செய்யும் நூலகத்தின் சாப்பாட்டு அறையில் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொண்ணோட அத்தைமாரெல்லாம் மேடைக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எழுந்துவிட்டேன். பின்னால் நின்ற சக ஊழியர், நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று நினைத்து, நன்றி சொல்லி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். மேடையில் அத்தையாகப் பெரியப்பாவின் மகள் அட்சதை போட்டாள். மீதிக் கல்யாணத்தை நின்றபடியே பார்த்தேன்.