பீரோவுக்குள் போன குரல்

என் குரல் தெருமுனை திரும்பும்போதே பெண்கள் கையில் பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். திருப்பரங்குன்றத்திலும் நாகமலை புதுக்கோட்டையிலும் நான் வெங்காயம், பூண்டு விற்காத தெரு குறைவு. முதலில் தலையில் கூடை, பிறகு தள்ளுவண்டி, இப்போது மருமகள் ஓட்டுகிற லோடு ஆட்டோ. வண்டிதான் மாறியது. கூவுகிற வாய் மாறவில்லை.

போன வருஷம் தொண்டை கட்டியது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். பேசலாம், ஆனால் இனிமேல் கூவக் கூடாது, மீறிக் கூவினால் பேச்சும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். நானும் மருமகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இனி யார் கூவுவது என்று பேசினோம். அவளுக்குக் கூவ வராது, கூச்சம். மறுநாள் எனக்குப் பதிலாகக் கூவிப் பார்த்தாள். பூனையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

அதனால் ஆட்டோ மேலே ஸ்பீக்கர் வைப்பது என்று ஆனது. கடைக்காரர் நல்ல மனிதர். கூம்பு ஸ்பீக்கரோடு, பேச்சுப் பதிந்த மெமரி கார்டு ஒன்றையும் சும்மாவே கொடுத்தார். அதற்குள்ளே ஒரு பெண் வெங்காயம் விற்றாள். ஸ்டேஷனில் ரயில் வரவைச் சொல்கிற பெண் மாதிரி வழுவழுவென்ற குரல். எடுத்ததுமே "அன்பார்ந்த தாய்மார்களே" என்றாள். நான் ஒருநாளும் யாரையும் அன்பார்ந்த என்று கூப்பிட்டதில்லை.

"ஊர்ல பாதி வண்டியில இந்தப் பிள்ளைதான் ஆத்தா ஓடுது" என்றார் கடைக்காரர்.

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். எல்லா வண்டியிலயும் அவளே வந்தா, நான் வந்திருக்கேன்னு எப்பிடித் தெரியும்?"

காசு கொடுத்து ரெக்கார்டிங் செய்கிற இடத்துக்குப் போக எங்களுக்குக் கட்டாது. போனிலேயே வீட்டில் பதியலாம் என்றாள் மருமகள். ஆனால் ஒரு பேச்சும் சொல்லிவைத்தாள். என் குரலைப் போட்டுப் பார்ப்பது, தெருவில் ஆள் வெளியே வந்தால் சரி, வராவிட்டால் அந்த வழுவழுப் பெண்ணைத்தான் போடுவது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வியாபாரம் ஏற்கெனவே படுத்துக் கிடந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண் வண்டியில் ஏறிவிட்டால், நான் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. அவ்வளவுதான்.

முதல் தடவை முன்னறையில் நின்று பதிந்தோம். காங்கிரீட் வீடு, உள்ளே சாமான் அதிகம் கிடையாது. மருமகள் போனைப் பிடித்தாள். நான் இடது காதில் கையை வைத்து, இது கடைசிக் கூவல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தெருக்கோடிக்குப் போகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். வேண்டாம் அத்தே என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கொடுத்துவிட்டேன். அன்று முழுக்கத் தொண்டை எரிந்தது.

எரிந்ததற்குப் பலன் இருந்ததா என்றால் இல்லை. ஸ்பீக்கரில் போட்டால் கிணற்றுக்குள் விழுந்தவள் சத்தம் போடுகிற மாதிரி இருந்தது. போதாததற்குக் குரல் உச்சிக்குப் போகிற இடமெல்லாம் கரகரவென்று கிழிந்தது. இருந்தாலும் ஆசை விடவில்லை, அதையே போட்டுக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போனோம். ஒரு வீட்டில் ஒரு பெண் கேட் வரைக்கும் வந்தவள், சட்டென்று திரும்பி உள்ளே ஓடினாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. என்ன ஏது என்று தெரியாமல் முழித்தோம். இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. நான் கூவும்போது எங்கள் அடுப்பில் குக்கர் விசில் அடித்திருக்கிறது, போன் அதையும் பதிந்திருக்கிறது. ஸ்பீக்கரில் அந்த விசில்தான் என் குரலைவிடத் தெளிவாக இருந்தது. அவரவர் தங்கள் அடுப்பைப் பார்க்க ஓடியிருக்கிறார்கள். வெங்காயம் விற்கப் போய் ஊராருடைய குக்கரை இறக்கிவைத்துவிட்டு வந்தோம்.

மருமகள் போனில் வீடியோ போட்டு, யார் யாரோ சொல்வதைக் கேட்டுப் பழகினாள். வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம்தான் கிணறு மாதிரி கேட்கிறதாம், துணிமணி நிறைய இருக்கிற இடத்தில் பேசினால் துணி அதைக் குடித்துவிடுமாம். எங்கள் வீட்டில் துணி நிறைய இருக்கிற இடம் ஒன்றுதான், என் பீரோ. அதன் சாவி என் முந்தானையில் முடிந்திருக்கும். நான் தவிர அதை யாரும் திறந்ததில்லை, என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர்கூட. கொஞ்சம் யோசித்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்து நானே திறந்துவிட்டேன்.

பாச்சை உருண்டை வாசம் அடித்தது. சேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு துண்டை மடித்து அதன்மேல் போனை வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். அடுப்பில் எதுவும் இல்லை என்று இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு என் கல்யாணச் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெங்காயம் விற்க ஆரம்பித்தேன்.

அப்போதும் பழைய பழக்கம் தொண்டையை ஏறச் சொன்னது. மருமகள் என் முதுகில் கைவைத்தாள்.

"அத்தே, தெருவுக்குக் கேக்குறது ஸ்பீக்கரோட வேல. நீங்க எனக்குச் சொல்ற மாதிரி சொன்னாப் போதும்."

அவளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். வெங்காயம், நாட்டு வெங்காயம், நல்லா காஞ்ச வெங்காயம், பூண்டு, மலைப் பூண்டு. இழுக்கிற இடத்தில் இழுத்தேன், ஆனால் அடிக்குரலில். டாக்டரம்மா கேட்டிருந்தால்கூடத் திட்டியிருக்க மாட்டார். போட்டுப் பார்த்தால் கிழிசல் இல்லை, கிணறும் இல்லை. பூண்டு என்கிற இடத்தில் மட்டும் புஸ்ஸென்று காற்று அடித்தது. டீ வடிகட்டியின்மேல் பழைய மெல்லிய துணி ஒன்றைச் சுற்றி, போனுக்கும் என் வாய்க்கும் நடுவில் பிடித்தாள். காற்று நின்றது.

காதில் மாட்டிக் கேட்டால் நானே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டால் கம்பளிக்குள் முடங்கிக்கொண்டு பேசுகிறவள் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து காதில் மாட்டிக் கேட்பதை விட்டோம். வண்டியை வாசலில் நிறுத்தி, ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டு, மருமகள் தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவாள். போனில் எதையோ தேய்த்துக் கனத்த சத்தத்தைக் குறைப்பாள். மறுபடி நடப்பாள். பீரோவில் பாதிக் கதவைச் சாத்தியும் பதிந்தோம், போர்வைகளை எடுத்துவிட்டும் பதிந்தோம். எதிர்வீட்டுக்காரர்கள், அம்புட்டு வெங்காயமும் எங்களுக்கேவா என்று கேட்டார்கள்.

கடைசியில் ஒன்று அமைந்தது. அதை அப்படியே எடுத்து, முடிவும் ஆரம்பமும் ஒட்டுகிற மாதிரி மருமகள் சுற்றவிட்டாள். மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தெருவில் நான் இரண்டு தடவை கூவினால் கொஞ்சம் சும்மா இருப்பேன். அந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து நில்லு என்பார்கள், உள்ளேயிருந்து என்ன விலை என்பார்கள். அதைக் கேட்டு வண்டியை நிறுத்த வேண்டும். இடைவெளி விடு என்றேன். ஸ்பீக்கரைச் சும்மா போடவா வாங்கினோம் என்று அவள் கேட்டாள்.

"நம்மளே கத்திக்கிட்டிருந்தா அவுக கூப்பிடுறது எப்பத்தான் கேக்கும்?"

கொஞ்சம் முனகிவிட்டு, இடைவெளி விட்டாள்.

மறுநாள் காலையில் திருப்பரங்குன்றத்தில் நுழைந்தோம். நான் முன்சீட்டில் வெந்நீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். மேலே என் குரல் கூவியது. முதல் தெருவில் யாரும் வரவில்லை. மருமகள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. அந்த வழுவழுப் பெண்ணின் கார்டு வண்டிக்குள் ஸ்டியரிங் பக்கத்தில்தான் கிடந்தது.

இரண்டாவது தெருவில் மாடிவீட்டுக்காரி ஒருத்தி உண்டு. நான் தள்ளுவண்டி தள்ளிய காலத்திலிருந்து என்னிடம் வாங்குகிறவள். ஒரு கிலோ வாங்க ஒரு மூட்டையைக் கிளறுவாள். வண்டி அவள் வீட்டைத் தாண்டிப்போன பிறகு குரல் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் பின்னாலிருந்து அவள் சத்தம் கேட்டது.

"ஏய், நாந்தான் படியில இறங்கி வாரேன்ல? ஆட்டோ வந்ததும் அம்புட்டுத் திமிரா உனக்கு?"

மருமகள் பிரேக்கை மிதித்தாள். மாடிவீட்டுக்காரி மூச்சு வாங்க வந்து, நேரே ஸ்பீக்கரைப் பார்த்து இன்னும் இரண்டு திட்டு திட்டினாள். பிறகுதான் கீழே, கையில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"வாயத் தொறக்காமலே கூவுற. தொண்ட சரியாயிருச்சா, இல்லையா?"

இல்லை என்று தலையாட்டி, மேலே கைகாட்டினேன்.

"அப்ப வெல பேசுறதும் அதுகிட்டத்தானா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல மூட்டையைக் கிளற ஆரம்பித்தாள். அவள் சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவும் எதிர்வீட்டுக் கதவும் திறந்தன. மருமகள் தராசை எடுக்கப் போகிற போக்கில் அந்தக் கார்டை எடுத்து சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

அதற்குள் இடைவெளி முடிந்து மேலே நான் கூவ ஆரம்பித்துவிட்டேன். மாடிவீட்டுக்காரி விலை கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அது முடியட்டும் என்று அவளும் நின்றாள், நானும் இருந்தேன். என் குரல் முடிகிறவரை நானே காத்திருந்தது அன்றைக்குத்தான். நன்றாகத்தான் இருந்தது.