கட்டைவிரல் பதம்

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நீ யாருக்குடி சோப்பு போடப் போற?" என்றாள் அத்தை.

சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அத்தைக்கு ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் அழுத்தியே தரம் சொல்லிவிடுவாள். ஆனால் விசேஷ வீட்டில் நலங்கு வைக்கக் கூப்பிட்டால், "நாத்தம்டி" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். மற்ற நால்வரும் ஆர்டர் குறைந்ததென்று ஷூ கம்பெனி வீட்டுக்கு அனுப்பியவர்கள். எல்லோரும் சேர்ந்து சோப்பு செய்து விற்கலாம் என்பது என் யோசனை. அது சரியாக வந்தால், கம்பெனி வேன் மறுபடி வருமா என்று ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டாம்.

காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, தேங்காயெண்ணெயும் புங்க எண்ணெயும் கலந்த பாத்திரத்தில் ஊற்றிக் கிண்டினோம். மரக்கரண்டி சுழலச் சுழல எண்ணெய் வெளுத்து, மோர்க்குழம்பு போலத் திரண்டது. பழைய ஷூ டப்பாக்களில் காகிதம் விரித்து ஊற்றினோம். ஜன்னலுக்கு வெளியே ஏலகிரி மலையும் யாரோ வார்த்து ஆறவைத்ததுபோல் கிடந்தது.

மூன்றாம் நாள், வெட்டி வைத்த கட்டியில் அத்தையின் கட்டைவிரல் அழுந்தியது.

"பதம் வந்துடுச்சு."

"இல்ல அத்தே. மேலதான் கெட்டி. உள்ள காரம் அடங்க நாலு வாரம் ஆவும்."

"தோலுக்குப் பொய் சொல்லாத விரலு, சோப்புக்குச் சொல்லுமா?" ஒரு கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் அவள் கையெல்லாம் சிவந்திருந்தது. "மொளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுது. இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

அதைப் பார்த்த இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள். "ஊர்ல யாருக்காவது உடம்பு பொத்துப்போனா நம்மள சும்மா விடுவாங்களா? நாங்க வரல."

"நாலு வாரம் பொறுங்க. மொதல்ல நானே குளிக்கிறேன்" என்றேன்.

அந்த நாட்கள் கனவுபோல நகர்ந்தன. தினமும் காலையில் பலகைமேல் இருந்த கட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பேன். தூங்கும் குழந்தைகளைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல் இருக்கும். அறையில் எண்ணெய் வாசம் போய், ஈர வெயிலின் வாசம் வந்தது.

நாலு வாரம் கழித்து ஒரு கட்டியை நாக்கு நுனியில் தொட்டேன். சுருக்கென்று இல்லை. குளித்தேன். எரியவில்லை.

அத்தை கட்டியை வாங்கிக் குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் நுரைத்துக் கழுவினாள். முகர்ந்தாள். பிறகு ஈரக்கையை என் மூக்கருகே நீட்டினாள்.

"நாத்தம் வருதா, பாரு."

"வரல அத்தே."

"அந்த ரெண்டு பேரையும் நானே போயி கூட்டினு வர்றேன்."

நேற்று சோப்பு தயாரிக்க உரிமம் கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தோம். அதில் முதல் பெயர் அத்தையுடையது. எழுதத் தெரியாத அவள், மையில் தோய்த்த கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்திவிட்டு, பக்கத்தை மடிக்கவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதம் வந்துடுச்சா அத்தே?"

"இருடி, காயட்டும்."