உலக உருண்டைக்குள் டொபி

எனக்கு எட்டு வயதான அந்த வருடம், பிறந்தநாள் இரண்டு மாதம் முந்தி வந்தது. நான் ஆவணியில் பிறந்தவன். ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கொண்டாட்டம் என்று அம்மா அறிவித்தபோது, கணக்கில் புலி இல்லையென்றாலும் எனக்கு அது எங்கேயோ இடித்தது. கேட்டேன்.

"சனிக்கிழமை அத்தம். உன்ர நட்சத்திரம். பிறந்தநாள் எண்டா நட்சத்திரத்துக்குத்தான் கொண்டாடவேணும்," என்றார் அம்மா.

இதில் ஒரு சொட்டுப் பொய்யும் இல்லை. என்னுடைய நட்சத்திரம் அத்தம்தான். அந்தச் சனிக்கிழமையும் அத்தம்தான். இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை அத்தம் தவறாமல் வந்து போகும் என்பதை மட்டும் அம்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, வேறொரு காரியத்துக்காகப் பஞ்சாங்கத்தைப் புரட்டியபோதுதான் நான் அதைக் கண்டுகொண்டேன். நேரத்தோடு தெரிந்திருந்தால் வருடத்துக்குப் பதின்மூன்று கேக் கேட்டிருப்பேன். என் வாழ்க்கையின் பெரிய நட்டங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையான காரணம் சித்தி. அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைகிற வேலை. தூணும் கூரையும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அடுப்படிக்குள் போனால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். சிரித்தால் கீழ் வீட்டில் கதவு திறந்து பார்ப்பார்கள். ஏற்கெனவே மூன்று வீட்டார் அவரைப் பெண் பார்க்க வந்து, தேநீர் குடித்து, "அறிவிக்கிறம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தை முழுவதற்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள் என்றால், செய்தி பின்னேரமே பெருந்தெருவான காலி வீதியின் மரக்கறிக் கடைக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், விடிவதற்குள் டெலிபோன் வழியாக டொரொண்டோவையும் தொட்டுவிடும்.

ஆகவே நான்காவது வீட்டார் பெண் பார்க்க வரவில்லை. என்னுடைய பிறந்தநாளுக்கு வந்தார்கள். சரிவந்தால் நல்லது, சரிவராவிட்டால் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வந்து கேக் சாப்பிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அம்மா போட்ட திட்டங்களிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். இந்த முறையும் சரிவராவிட்டால் இனி ஒருத்தருக்கும் தேத்தண்ணித் தட்டு ஏந்தமாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி ஒன்றும் சொல்லாமலிருந்தது அதுதான் முதல் தடவை என்பதால் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. வருகிறவர்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஆட்கள் என்றார்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்றால் நாலு மணிக்கு வந்து, அரசியல் கதைத்து, தட்டில் வைத்த றோல்ஸ் முடிந்ததும் எழும்பிவிடுவார்கள். அவர்களால் எனக்கு ஆபத்தில்லை.

இப்போது பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நுகேகொடையிலிருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அரைமணி நேரத்தில் பலூன் வளைவு, பின்திரை, பெயர் எழுதிய பலகை எல்லாம் நிமிர்ந்துவிடும். எட்டு மணிக்கு அதே வேனில் எல்லாம் ஏறிப் போய்விடும். எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் சாப்பிட முடியவில்லை. அம்மா ரயில் கேக்குக்குப் பெட்டி பெட்டியாகச் சுட்டு அடுக்கினார்; ஓடுகிற சில்லுக்குக் கிறீம் பிஸ்கற். கிறேப் பேப்பரை முறுக்கிப் பூச் செய்தார். கூம்புத் தொப்பிகளை அவர் வெட்ட நான் ஒட்டினேன். அப்பா பலூன் ஊதும் பொறுப்பை ஏற்று, இரண்டு ஊதிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சித்திக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு வேலை. டொபி உருண்டை. பெரிய பலூன் ஒன்றின் மேல் மாப்பசையால் பத்திரிகைத் தாளை ஒட்டி, காய்ந்ததும் உள்ளே டொபி நிரப்பிக் கூரையில் தொங்கவிட வேண்டும். அடியில் ஒரு சின்னக் கதவு. கதவில் ரிப்பன். பிறந்தநாள்காரன் ரிப்பனை இழுத்தால் கதவு திறந்து டொபி மழை. இரண்டு அடுக்குத் தாள் ஒட்டினால் போதும் என்று அம்மா சொன்னார். சித்தி கேட்கவில்லை. வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமலே பசைச் சட்டியோடு உட்கார்ந்தார். காய்ந்ததும் நீலம் பூசினார், கண்டங்களை வரைந்தார். இலங்கை ஏறக்குறைய அவுஸ்திரேலியா அளவுக்கு வந்திருந்தது; நான் ஆட்சேபிக்கவில்லை. உலகமே பிளந்து என் தலையில் டொபி கொட்டப் போகிறது என்று வகுப்பு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். நம்பாதவர்களையும் அழைத்திருந்தேன். முக்கியமாக அவர்களைத்தான் அழைத்திருந்தேன்.

சனிக்கிழமை மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் உலகத்தைத் தொங்கவிட்டார்கள். காற்று இல்லை. ஆனி மாத வெயில். அந்த நிலையில்தான் மாப்பிள்ளை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு, தாயாருடன் வந்து சேர்ந்தார். மெலிந்த, சிரிக்காத மனிதர். தொழில் கணக்காய்வு, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்திருப்பதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அப்படிப்பட்டவருக்குத்தான் எங்கள் வீடு ஒரு வாரமாகப் பொய்யொன்றை அலங்கரித்து வைத்திருந்தது. அந்தப் பொய் இதுதான்: அங்கே இருந்த எல்லாம் சித்தி செய்தவை.

"கேக் என்ன வடிவு! ஆர் செய்தது?" என்று தாயார் கேட்டார்.

"தங்கச்சிதான்," என்றார் அம்மா. "ஒருத்தரையும் கிட்ட விடமாட்டாள்."

"பூவும்?"

"அதுவும் அவள்தான்."

"எவ்வளவு நேரம் பேக் பண்ணினீங்கள்?" என்று மாப்பிள்ளை சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

சித்தி சிறிது யோசித்தார். "வேகும்வரைக்கும்," என்றார்.

மாப்பிள்ளை தலையாட்டினார். கணக்காய்வாளர் தலையாட்டினால் அதற்கு என்ன பொருள் என்பது ஒருவருக்கும் தெரியாது. சித்தி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா கற்றுக்கொடுத்த புன்சிரிப்போடு தட்டை ஏந்தி நின்றார். அந்தப் பின்னேரம் அவர் சிரிக்கவே கூடாது. புன்சிரிப்பு மட்டும் என்று கட்டளை. வீட்டில் எல்லோருக்கும் இப்படி ஒவ்வொரு பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. எனக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. விளையாட்டில் இருப்பான், கவனிக்கமாட்டான் என்று நினைத்திருக்கிறார்கள்.

மெழுகுதிரி ஊதி, பாட்டுப் பாடி, ரயில் எஞ்சினை வெட்டிய பிறகு என்னுடைய நேரம் வந்தது. ஸ்டூலில் ஏறினேன். நண்பர்கள் கீழே கையேந்தி நின்றார்கள். தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு மன்னன் எப்படி இழுப்பானோ அப்படி ரிப்பனை இழுத்தேன்.

ரிப்பன் மட்டும் கையோடு வந்தது.

உலகம் ஒருமுறை ஆடி நின்றது. நான் எட்டிக் கதவைத் தட்டினேன், நகத்தால் பிறாண்டினேன், குத்தினேன். கை நொந்தது. கீழே என் வகுப்பில் எதையுமே நம்பாதவன், "டேய், உன்ர உலகத்துக்குள்ள ஒண்டும் இல்லையடா. சும்மா பேய்க்காட்டுறாய்," என்றான். மற்றவர்கள் கையை இறக்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் அண்ணாந்து பார்த்தார். "இதை ஆர் செய்தது?"

அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். இத்தனை நேரமும் எல்லாம் தங்கச்சி, தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு வந்த வாய். அப்பா எழும்பினார். வாழ்நாளில் ஓர் ஆணி அறைந்திராத மனிதர் மார்பை நிமிர்த்தி, "அது நான் செய்தனான். எனக்கு இந்தக் கைவேலை சரிவராது பாருங்கோ," என்றார்.

எனக்கு அவமானம் ஒரு பக்கம், அநியாயம் மறுபக்கம். பலூன் ஊதிக் களைத்துப் படுத்தவர் உலகத்தைப் படைத்தேன் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது?

"பொய்!" என்றேன், ஸ்டூலின் மேல் நின்றபடியே. "அப்பா ஒண்டும் செய்யேல்லை. இதைச் சித்திதான் செய்தவ. கேக் செய்தது அம்மா. பூவும் அம்மா. தொப்பி நானும் அம்மாவும். சித்தி இது மட்டும்தான் செய்தவ. அதுவும் திறக்குதில்லை!"

தாயார் கேக் தட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடி நிச்சயம் என்று விளங்கியது. எதற்கு என்றுதான் விளங்கவில்லை. சித்தி தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனித் தூக்குவதில்லை என்று வைத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை எழும்பி வந்தார். உருண்டையின் கீழே நின்று, ஆபிரிக்காவில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது.

"எத்தினை தாள் ஒட்டினீங்கள்?"

அந்தப் பின்னேரம் சித்தியிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அவருக்கு விடை தெரிந்த முதலாவது கேள்வி அதுதான். தலை நிமிர்ந்தது.

"பன்ரண்டு. அதுக்கு மேல வேட்டித் துணி."

"என்ர வேட்டியோ?" என்றார் அப்பா.

"துணி ஏன்?"

"உள்ளுக்க டொபி பாரம். தற்செயலா விழுந்தா பிள்ளையளின்ர தலையிலயெல்லோ விழும்? அதால மூண்டு மடங்கு பலம் விட்டனான். எங்கட ஒபிஸில எல்லாத்துக்கும் அப்பிடித்தான்."

"நல்லது. கதவுக்கு?"

சித்தி அண்ணாந்து உருண்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"கதவுக்கும் மூண்டு மடங்கு விட்டிட்டன்," என்றார்.

சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு. கீழ் வீட்டில் கதவு திறந்த சத்தம் எனக்கே கேட்டது. சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கூர்ந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, அறிக்கை வாசிப்பவர்போல, "அப்ப கணக்குப் பிழையில்லை," என்றார். "கதவு எண்டால் திறக்கவேணும் எண்டதைத்தான் மறந்திட்டீங்கள்." அதற்குப் பிறகுதான் அவருடைய வாயின் ஒரு மூலை மெல்ல அசைந்தது. கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "தேங்காய்க் கத்தி இருக்கே?"

"தம்பி, விழுந்துகிழுந்து போகாதை!" என்று தாயார் பதறினார்.

"ஸ்டூலைப் பிடிக்க ஆள் இருந்தா விழமாட்டன், அம்மா."

என்னை இறக்கிவிட்டு அவர் ஏறினார். ஸ்டூலைச் சித்தி பிடித்துக்கொண்டார். முதல் வெட்டு பசிபிக் சமுத்திரத்தில் விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. "அங்க துணி இரட்டை. வடக்கால வெட்டுங்கோ," என்றார் சித்தி கீழே நின்று. "வடக்கு எது?" "மேல!" ஐந்தாவதோ ஆறாவதோ வெட்டில் ரஷ்யா பிளந்து, உலகம் தலைகீழாகச் சரிந்தது. டொபி மழை கொட்டியது. அவருடைய தலையிலும், சித்தியின் தலையிலும், எதையும் நம்பாதவனின் தலையிலும். ஆரவாரத்துக்குள்ளே தாயார் அம்மாவின் பக்கம் சரிந்து, "அப்ப கேக் நீங்களோ?" என்று கேட்டதும், மேசையில் வைத்த தட்டைத் திரும்ப எடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அடி விழவில்லை. உண்மை பேசியதற்குக் கிடைத்த பரிசு என்று முடிவுகட்டி, அடுத்த சில வாரங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பக்கத்து வீடுகளிலும் தாராளமாக உண்மை பேசினேன். அங்கெல்லாம் விளைவு வேறு மாதிரி இருந்தது. அடுத்த தை மாதம் சித்திக்குக் கலியாணம். அதை முற்றாக்கிவைத்தது நான்தான் என்பது என்னுடைய உறுதியான கருத்து. சித்தப்பா இன்றுவரை அதை மறுக்கவில்லை. கணக்காய்வாளர் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்.

ஆனால் அந்தப் பின்னேரம் எனக்கு விளங்காமல் போனது வேறொன்று. நாங்கள் எல்லோரும் நாலு காலில் நின்று கதிரைகளுக்கு அடியில் டொபி பொறுக்கிக்கொண்டிருந்தோம். அந்த இருவரும் மட்டும் நடுவில் நின்றார்கள். அவர் கிழிந்த ரஷ்யாவைக் கையில் வைத்துத் தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினார். சித்தி ஏதோ சொன்னார். அவர் ஏதோ கேட்டார். அவர்களுடைய கால்களைச் சுற்றி நல்ல நல்ல டொபி கிடந்தது. மஞ்சள் தாள் சுற்றியது, உள்ளே பால் வைத்தது. இருவரும் கீழே பார்க்கவே இல்லை. காலடியில் டொபி கிடக்கக் குனியாமல் நிற்கிற மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாவம், பெரியவர்கள், புத்தி அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு, அவர்களுடைய கால்களுக்கு நடுவே ஊர்ந்துபோய் அந்தப் பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன்.