ஜீப்பில் வந்த கண்ணாடிக்காரர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கும் ஷேர் ஜீப்பில் எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி மீசை, மீதி கண்ணாடி. மடியில் மூன்று வயது மகள். அவளுக்கும் கண்ணாடி, நல்ல தடிமன். வளைவுக்கு வளைவு சட்டை நுனியால் முதலில் அவள் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு தன்னுடையதை, அதே பக்தியோடு.

ஓரிடத்தில் தூசி பறந்தது. அவர் கண்ணைக் கசக்கினார். விரல் ஃபிரேமின் ஊடாகவே உள்ளே போய் வந்தது. நான் வாய் பிளந்ததைப் பார்த்து, என் காதோரம் குனிந்தார்.

"வெறும் ஃபிரேம்தாங்க. பாப்பாவுக்குக் கிட்டப்பார்வை, பவர் ரொம்ப ஜாஸ்தி. இந்த வயசுல கழட்டாம போட்டாத்தான் பார்வை நல்லா வளரும்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. இது இன்னாடான்னா, எல்லாரும் போட்டாத்தான் போடுவேன்னுது. வூட்ல அத்தனை பேரும் போட்டுக்கினு திரியறோம்."

அதற்குள் குழந்தை என் வெறும் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டது.

"அவுரு போடல," என்று தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

அவர் பதறவில்லை. பையிலிருந்து இன்னொரு ஃபிரேமை எடுத்து, "மாமா மறந்துட்டாரும்மா," என்றபடி என் மூக்கில் ஏற்றினார். குழந்தை சமாதானமாகித் தன்னுடையதை மாட்டிக்கொண்டது.

எனக்கு ஒரே கூச்சம். டிரைவர் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று மெதுவாகத் திரும்பினேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலைத் தன் ஃபிரேமுக்குள் விட்டுக் கண்ணைச் சொறிந்துகொண்டிருந்தார்.