அட்டை விசிறி

பழைய மின்சாரக் கார் வாங்கினாலும் பற்றரிக்கு வாரண்டி இருக்கும் என்று நம்பிய ஆள் நான். போன மாதம் ஒரு மத்தியானம் வவுணதீவு வயல்களுக்கு நடுவே சார்ஜ் தீர்ந்து கார் நின்றுவிட்டது.

கார் நின்ற இடத்தை ஒட்டியிருந்த வீட்டுப் பெண் சன்னல் வழியாக என் சார்ஜ் வயரை வாங்கி வீட்டுப் பிளக்கில் சொருகிவிட்டு, "நிழல்ல இரிங்க தம்பி" என்றார். மாமரத்தடியில் இருந்துகொண்டு, எனக்குக் கார் விற்றவனுக்குப் போன் எடுத்தேன். "வாரண்டி முதல் வாங்கின ஆளுக்குத்தான்" என்றான். வாய்க்கு வந்தபடி கத்தினேன். தொண்டை காய்ந்து, தண்ணீர் கேட்க வாசலுக்குப் போனேன்.

உள்ளே அந்தப் பெண் பாயில் கிடந்த கைக்குழந்தைக்கு அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி அசையவில்லை.

"கரண்ட் இல்லையா அக்கா?"

"இரிக்கு. எங்கட லைன் பழசு, ரெண்டையும் தாங்காது. காருக்கு சார்ஜ் ஏறட்டும் எண்டு ஃபேன நிப்பாட்டிற்றன். கொஞ்சம் மெல்லக் கதைங்க தம்பி, பிள்ள இப்பதான் நித்திரையாகிற்று."

வயரைக் கழற்றப் போனேன்.

"விடுங்க. நீங்க வீட்ட போய்ச் சேர வேணாமா?"

அட்டையைக் கேட்டு வாங்கி, வாசற்படியில் இருந்து நான் விசிறினேன்.

பற்றரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வாரண்டிக்காக நான் யாரிடமும் சத்தம் போடுவதில்லை. பக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை இப்போதுதான் கண் மூடியிருக்கும் என்று தோன்றிவிடுகிறது.