மாமியார் வீட்டுக்குத் திரும்பிய போன்

நான் டெலிபோன் ஆபீசில் டிராஃபிக் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று அம்மா ரப்பர் தோட்டத்தில் சொல்லிவைத்தார். கேட்டவர்கள் மனதில் டிராஃபிக் மட்டும் தங்கிவிட்டது, டெலிபோன் ஆபீஸ் தங்கவில்லை. அந்தத் தீபாவளிக்குச் சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போனபோது, அடுத்த லயத்து வீட்டு அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு வாங்கிய அபராதச் சமனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதை ரத்து செய்ய முடியாவிட்டாலும் பாதியாகக் குறைத்தால் போதும் என்றார். எங்கள் டிராஃபிக் ரோட்டில் ஓடுவது இல்லை, கம்பியில் ஓடுவது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பியில் ஓடுகிறதற்கு ஹெல்மெட் எதற்கு என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

உண்மையில் வேலை அப்படி ஒன்றும் மர்மமானதில்லை. எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் நான் இருந்த எக்ஸ்சேஞ்சுக்குப் புதிய இயந்திரம் வந்தது. அதற்கு முன்பு இருந்தது நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம் போடும். புதியது குளிர்சாதன அறையில் கம்மென்று இருந்தது. அதன் முன்னால் பச்சை எழுத்துத் திரையும் விசைப்பலகையும். ஒவ்வொரு போன் நம்பருக்கும் என்ன உரிமை உண்டு என்பதை நான் அதில் தட்டிவைக்க வேண்டும். இந்த வீட்டிலிருந்து வெளியூர் பேசலாம், அந்தக் கடையிலிருந்து உள்ளூர் மட்டும்தான், ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்புக்கும் எப்போதும் பாதை திறந்திருக்க வேண்டும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா காலையில் ஊரே கோலாலம்பூருக்குப் பேசத் துடிக்கும்போது யாரை விடுவது, யாருக்கு எங்கேஜ் சத்தம் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் மெலிந்த சீனர். அதிகம் பேசமாட்டார். பெருநாள் காலையில் மட்டும் வெள்ளைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று, எல்லாருக்கும் அம்மா ஞாபகம் ஒரே நேரத்தில்தான் வருகிறது என்று மலாயில் அலுத்துக்கொள்வார்.

புதிய இயந்திரத்தோடு புதிய வசதிகளும் வந்தன. அதில் மக்களுக்குப் பிடித்தது, போனைத் திருப்பிவிடும் வசதி. உங்கள் போனில் நட்சத்திரப் பொத்தானை அமுக்கி, ஒரு குறியீட்டைப் போட்டு, வேறு ஒரு நம்பரையும் போட்டுவிட்டால், உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அங்கே போய் மணியடிக்கும். நீங்கள் ரத்து செய்யும்வரை அப்படியே இருக்கும். விண்ணப்பம் செய்தவர்களுக்கு நான்தான் அதைத் திறந்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் கவுண்டரில் ஒரு அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி என்னை அழைத்தார்கள். கல்யாணச் சமையல்காரர். ஆள் பெரிய உருவம். நகத்திலெல்லாம் மஞ்சள் கறை. சிலிப்பரின் வார் கழுத்தைப் பிடிப்பதுபோல் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தது, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. பல வாரங்களாகத் தன் போனுக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை என்றார். போன் ரோசாக், கெட்டுப்போய்விட்டது என்றும் சொல்ல முடியவில்லையாம், ஏனென்றால் அவர் எடுத்துப் பேசினால் போகிறது, வெளியிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை என்றார். போனே அடிக்காத வீட்டுக்கு எப்படியோ கல்யாணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மனைவி ஒவ்வொரு வாரமும் இந்த வீடு, இந்தத் தேதி என்று சொல்வார், இவர் போய்ச் சமைத்துவிட்டு வருவார். கோவிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள் என்று மனைவி காரணம் சொல்வாராம்.

அவருக்குச் சந்தேகம் மெங்லெம்புவில் இருக்கும் இன்னொரு சமையல்காரர் மேல். எங்கள் ஆபீசில் யாரையோ கையில் போட்டுக்கொண்டு அழைப்புகளைத் தன் பக்கம் இழுக்கிறார் என்பது அவர் கட்சி. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

திரையில் அவர் நம்பரைத் தட்டினேன். ஒரு கோளாறும் இல்லை. போன் புந்தோங்கில் இருக்கும் இன்னொரு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். போன் பதிவாகியிருந்தது அவர் பெயரில் இல்லை, அவர் மனைவி பெயரில். வசதிக்கு விண்ணப்பம் செய்ததும் மனைவிதான். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று சமையல்காரர் நம்பரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் குரல் எடுத்தது.

"யார் கல்யாணம்?"

கல்யாணம் எதுவும் இல்லை, டெலிபோன் ஆபீசிலிருந்து சோதனைக்காகப் பேசுகிறேன் என்றேன்.

"உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த கொஞ்ச நேரம் சோதனை என் மேல்தான் நடந்தது. எந்தத் தோட்டம், அப்பா பால் வெட்டினாரா, கங்காணியாக இருந்தாரா, என்ன படித்தேன், எத்தனை பேர் கூடப்பிறந்தது, மாப்பிள்ளை அரசாங்க வேலையில்தான் இருக்க வேண்டுமா, லோரி ஓட்டுகிறவர் பரவாயில்லையா. நான் ஒருவழியாகப் போனை வைத்தபோது சூப்பர்வைசர் தலையைத் தூக்கிப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். மிக நன்றாக இருக்கிறது என்றேன்.

விஷயத்தை அவரிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. போன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நமக்குச் சந்தாதாரர், அவரைத் தவிர வேறு யாரிடமும் போன் எங்கே திரும்புகிறது என்று சொல்லக்கூடாது, புருஷனாக இருந்தாலும் சரி என்றார். அதனால் அன்று மத்தியானம் லைன் பார்க்கும் மலாய்க்கார இளைஞர் ஒருவரோடு ஆபீஸ் வேனில் அந்த வீட்டுக்கே போனேன்.

வீட்டில் மனைவி மட்டும் இருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர், சிரித்த முகம். நான் அடையாள அட்டையைக் காட்டியதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லைன்காரருக்கு ஒரு கிளாஸ் மைலோவைக் கொடுத்து முன்னால் உட்காரவைத்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். திருப்பிவிட்டது தான்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். புந்தோங்கில் போனை எடுப்பது அவருடைய அம்மா.

காரணத்தையும் சொன்னார். கணவருக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. போன் அடித்தால் எடுப்பார், எடுத்தால் சரி என்பார். போன வருஷம் ஒரே நாளில் தைப்பிங்கில் ஒரு கல்யாணமும் தஞ்சோங் மாலிமில் ஒரு கல்யாணமும் ஒத்துக்கொண்டார். மாநிலத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். தைப்பிங்கில் வழக்கம்போல் மழை. பாயசப் பானையை வேனில் மடியில் கட்டாத குறையாக வைத்துக்கொண்டு தெற்கே ஓடினார். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, சாப்பிட்டு, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர்கள் பாயசம் குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கால் வீங்க ஆரம்பித்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். இவர் டாக்டர் மகள் கல்யாணத்துக்கு என்ன சமைக்கலாம் என்று பேசி, அதற்குத் தேதியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டாரு தங்கச்சி. சண்டை போட்டும் பார்த்தேன். அதான் அம்மாவை நடுவுல உட்கார வச்சேன்," என்றார்.

அவருடைய அம்மா, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவரின் மனைவி. தோட்டத்தில் தினமும் விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பிரட்டுக்குக் கணவர் எழுந்திருக்காத நாட்களில் இவரே போய்க் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்தும் அனுப்பியவர். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதும் புந்தோங்குக்கு வந்து, பிரித்து அனுப்ப ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் கொடுத்த வேலை அவருக்கு லட்டு மாதிரி. சட்டங்களையும் அவரே போட்டுக்கொண்டார். வாரத்துக்கு ஒரு கல்யாணம்தான். சுங்காய்க்குத் தெற்கே கிடையாது, மழை ஊருக்கும் கிடையாது. கல்யாணப் பெண்ணே நேரில் கூப்பிட்டால் கேள்வியே இல்லை, உடனே சரி. பெண்ணின் சித்தப்பா கூப்பிட்டால் நாளைக்குக் கூப்பிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் அதட்டலாகப் பேசினால், சமையல்காரர் செத்துப்போனார் என்று ஒரு தடவை சொல்லியே விட்டாராம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெருநாளில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று நான் திரையில் தட்டிக்கொண்டிருந்ததையேதான் அவர் புந்தோங்கில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தபோது சமையல் வேன் வந்து நின்றது. சமையல்காரர் உள்ளே வந்து என்னைப் பார்த்ததும், மெங்லெம்புக்காரன் மாட்டிக்கொண்டானா என்று ஆவலாகக் கேட்டார். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை மெங்லெம்புக்காரர் தொடவில்லை, நான்தான் அம்மா வீட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்றார்.

சமையல்காரர் முகம் சிவந்தது. லைன்காரர் மைலோ கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு சமையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, எதையெல்லாம் உங்கள் அம்மா வேண்டாம் என்று சொன்னார் என்று மட்டும் கேட்டார். அதை அவரிடமே கேளுங்கள் என்று மனைவி புந்தோங்குக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார்.

மாமியார் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தார் போலிருக்கிறது. குரல் ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. ஆரம்பத்தில் இவர் ஒவ்வொன்றுக்கும் ஐயோ, அதையுமா என்று நெற்றியில் கை வைத்தார். பிறகு மெல்ல மெல்லக் குரல் மாறியது. அந்த ஆளா, அவன் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நான் போயிருக்க மாட்டேன் என்றார். சித்தியவான் ஊரில் நடந்த கல்யாணத்தை விட்டதற்கு மட்டும் வருத்தப்பட்டார். தன்னைச் செத்துப்போனதாகச் சொன்ன கட்டம் வந்தபோது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நல்ல ரசம் வைப்பாரே என்று சொன்னார்களாம். அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இதை எடுத்துடுங்க லா."

அக்கா சொன்னால்தான் எடுக்க முடியும், போன் அவர் பெயரில் இருக்கிறது என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அக்காவின் குரல் தாழ்ந்தது.

"எடுக்கட்டுமா?" என்று மனைவிதான் கேட்டார். "எடுத்தா நாளைக்கே போன் அடிக்கும். உங்க காலு இருக்கிற இருப்புக்கு எந்தக் கல்யாணத்துல விழுவீங்களோன்னு நான் இங்க உட்கார்ந்து நினைச்சிக்கிட்டே இருக்கணும்."

சமையல்காரர் தன் பாதங்களைப் பார்த்தார். லைன்காரரும் நானும் கூட அவற்றையே பார்த்தோம். தைமாதம் வரைக்கும் இருக்கட்டும் என்று அவர் கடைசியில் சொன்னார். திரும்பும்போது எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய வெண்பொங்கல் எடுத்துப்போகத் தாப்பாவ் கட்டிக் கொடுத்தார். ஆபீசில் சூப்பர்வைசர் அதை மிளகை ஒதுக்காமல் சாப்பிட்டார்.

தை வந்தது, போனது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவருடைய கால் வீக்கம் வடிந்து, சிலிப்பர் கழன்று கழன்று விழ ஆரம்பித்ததாக அக்கா ஒரு நாள் பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்துச் சொன்னார். மாமியாருக்கோ ஊரில் பெயர் பரவிவிட்டது. சமையலுக்கு என்று இல்லாமல், பெண் பார்க்க, நாள் குறிக்க, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்க என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சினிமாவுக்குப் போகக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டு, அவரும் திருப்பிவிடும் வசதிக்கு விண்ணப்பம் போட்டார். நான் திறந்துவிட்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டியூட்டியில் இருந்தேன். காலையிலிருந்து ஒரே புகார். சமையல்காரருக்குக் கூப்பிட்டாலும் எங்கேஜ், புந்தோங்குக்குக் கூப்பிட்டாலும் எங்கேஜ். திரையில் பார்த்தேன். மகள் வீட்டுப் போன் வழக்கம்போல் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தது. அம்மா எங்கேயோ கிளம்பியவர், தன் போனை மகள் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார். அந்த வீட்டுக்குப் போகிற அழைப்பு இந்த வீட்டுக்கு வரும், வந்ததும் திரும்ப அந்த வீட்டுக்கே போகப் பார்க்கும். எங்கள் இயந்திரம் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது, எங்கேஜ் சத்தத்தைப் போட்டுக் கதவைச் சாத்திவிடும். ஊரில் கல்யாணம் வைத்திருந்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

சூப்பர்வைசரைக் கேட்டேன். அவர் திரையை நன்றாகக் குனிந்து பார்த்தார். இரண்டு சந்தாதாரரும் தாங்களாகவே செய்துகொண்டது, அவர்கள் கேட்காமல் நாம் தொடக்கூடாது என்றார். பிறகு அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போன் வந்தது. மாமியார்தான். நேற்று மகளும் மருமகனும் தன்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு லூமுட் கடற்கரைக்குப் போனதாகவும், மருமகன் மணலில் துண்டை விரித்துச் சாயங்காலம் வரை தூங்கியதாகவும் சொன்னார். வீடு திரும்பியும் இரண்டு வீட்டிலும் ஒரு மணி கூட அடிக்கவில்லையாம்.

"அந்த மாதிரி ரெண்டு வீட்டுக்கும் போனே வராம பண்ணி வச்சீங்களே, அதுக்கு என்னா பேரு? மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எங்களுக்கு வேணும். எங்க வந்து எழுதிக் கொடுக்கணும்?"

அப்படி ஒரு வசதி எங்களிடம் இல்லை, அது நீங்களே செய்துகொண்டது என்றேன். அவர் நம்பவில்லை. கவுண்டரில் இருக்கும் ஆளிடம் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லி, முதலில் எந்த வீட்டில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், பிறகு எந்த வீட்டில் எதை அமுக்க வேண்டும், திங்கட்கிழமை எப்படி எடுப்பது என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி, அந்த லோரிக்காரப் பையன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான், என்ன சொல்கிறாய் என்றார்.